பெரிய தாத்தாவின் விரதம்

7-11-91, வியாழன்

மன்னிக்கணும் மாமா, இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். பகலில் இந்த டைரியைத் தொடவே முடிவதில்லை. நீங்கள் பூனாவுக்கு டிரெயினிங் போனதிலிருந்து இன்லண்டில் "இங்கு அனைவரும் நலம்" என்று எழுதி எழுதிக் கை அலுத்துவிட்டது. நலமில்லாததை எல்லாம் இதில் எழுதி வைக்கப்போகிறேன். யாருக்கும் காட்டுவதற்கு இல்லை. உங்களோடு பேசுவது மாதிரி எழுதினால்தான் எனக்கு வருகிறது, அவ்வளவுதான்.

விடாத மழை. நம் பாப்பா அபியின் துணி ஒன்றும் காயவில்லை, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தே காய வைத்தேன். பால்காரர் வரவில்லை. மண்ணெண்ணெய் நாளைதான். கொல்லைப்பக்கச் சுவரில் ஈரம் ஏறிவிட்டது.

தீபாவளியன்று நடந்தது மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. காம்பவுண்டுப் பசங்கள் நம் வாசலிலேயே அணுகுண்டு வைத்தார்கள். ஜன்னல் அதிர்ந்தது. அபி தூளியில். வீறிட்டு அழுதுகொண்டிருப்பாள் என்று ஓடினேன். நல்ல தூக்கம். உதடுகூடக் கோணவில்லை.

மு.அக்கா (பக்கத்துப் போர்ஷனுக்குப் புதிதாக வந்திருக்கும் முத்துலட்சுமி அக்கா, திருநெல்வேலிக்காரர், வீட்டுக்காரர் உங்கள் கம்பெனியில்தான்) பின்னாலேயே வந்து, "ஏ யம்மா, என்ன நெஞ்சழுத்தம் இந்தப் பிள்ளைக்கு! எங்க வீட்டுப் பய கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சு கெடக்கான். இது அசையக்கூட இல்லியே" என்று நெற்றியில் விரலை நெரித்துத் திருஷ்டி எடுத்தார்.

அன்றிலிருந்து சோதித்துக்கொண்டே இருக்கிறேன்.
கைதட்டல், பின்னாலிருந்து: இல்லை.
கிலுகிலுப்பை: இல்லை.
பெயர் சொல்லிக் கூப்பிட்டது: இல்லை. இல்லை. இல்லை.
எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டது: திரும்பினாள்!
தட்டைப் போட்டுவிட்டு நான் அழுதேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

சாயங்காலம் தனபால் அண்ணன் சைக்கிளில் வந்தார், சமாதி கமிட்டி செக்ரட்டரி. குடையை மடக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாம்மா சுமதி, புள்ள நல்லா கீதா? குரு லெட்டர் போட்டானா? ஒண்ணுமில்ல, கார்த்திகை குருபூஜைக்கு சின்னதா ஒரு புக்கு போட்லாம்னு கமிட்டில முடிவு பண்ணிகீறோம். சாமி வரலாறு. நாலே பக்கம். நீ இஸ்டரி படிச்ச பொண்ணு, சாமி வூட்டுப் பொண்ணு வேற. உன்ன வுட்டா யாருகிட்ட போறது?"

சாமி என்றால் நம் மௌனசாமிதான். மணிமங்கலம் பக்கத்தில் ஏரிக்கரையில் சமாதி. என் தாத்தாவுடைய அண்ணன். என் அப்பாவுக்கும் உங்கள் அம்மாவுக்கும், அதாவது என் அத்தைக்கும், பெரியப்பா. உங்களுக்கு மௌனகுரு என்று பெயர் வந்ததே அவரால். சின்ன வயதிலேயே பேச்சைத் துறந்து கடைசிவரை வாய் திறக்காதவர். என் அப்பா இருந்தவரை எந்த வீட்டுக்குப் போனாலும் "நாங்க மௌனசாமி வம்சம்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். அதற்கப்புறம்தான் காபி வரும்.

சரி என்று சொல்லிவிட்டேன். மனம் வேறு எதிலாவது இருக்கட்டும்.

9-11-91, சனி

மெட்ராஸ் போய்வந்தோம், நானும் அபியும், துணைக்கு மு.அக்கா. இங்குள்ள குழந்தை டாக்டர் எழுதிக்கொடுத்த காது டாக்டரிடம். பஸ்ஸில் நின்றுகொண்டே போனது. அபிக்குச் சளி.

டா. வயதானவர் இல்லை, அவசரப்படவும் இல்லை. மணியை ஆட்டினார், பேப்பரைக் கசக்கினார், காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார்.

"சொந்தத்தில் கல்யாணமா?"
"ஆமாம் டாக்டர். அத்தை மகன்."
எழுதிக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.
"ரெண்டு பேர் குடும்பத்திலும் பிறவியிலேயே காது கேட்காதவங்க யாராவது?"
"இல்லை டாக்டர்."
"யோசிச்சு சொல்லுங்க. வீட்டுப் பெரியவங்ககிட்ட விசாரிங்க. குழந்தைக்கு சளியால காதுக்குள்ள நீர் கோத்திருக்கு. வெறும் அதுதான்னா மருந்து குடுத்துட்டு பொங்கல் வரைக்கும் பார்க்கலாம். ஆனா குடும்பத்துல யாருக்காவது இருந்ததுன்னா நாம காத்திருக்கக்கூடாது. சீக்கிரம் மெஷின் வெச்சா அவ்வளவுக்கு நல்லது."

குழந்தையைத் தூங்க வைத்துத் தலையில் ஒயர் ஒட்டிப் பார்க்கிற டெஸ்ட் ஒன்று இருக்கிறதாம். 21ஆம் தேதிக்கு இடம் வைத்திருக்கிறார். விசாரித்துவிட்டு வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல வேண்டும்.

திரும்பும்போது செம்பரம்பாக்கம் ஏரி ரோட்டைத் தொடுகிற மாதிரி நிறைந்திருந்தது. மு.அக்கா, "சளிதாம்ட்டி. வெந்நில துளசியப் போட்டுக் குடு. எல்லாஞ் செரியாப் போவும்" என்றார். சளி என்றே நம்புகிறேன். நம்பவில்லை.

10-11-91, ஞாயிறு

மழை விட்டது. அபியை மு.அக்காவிடம் விட்டுவிட்டு தனபால் அண்ணனோடு சமாதிக்கு.

நோட்டைத் திறந்ததும் டீக்கடையில் பேச்சு நின்றுவிட்டது. மே மாதம் அந்தக் குண்டு வெடித்ததிலிருந்து இந்தப் பக்கம் யாராவது பேனாவும் நோட்டுமாக வந்து "அவர் யார், எந்த வீடு, எப்போ வந்தார்" என்று கேட்டால் இப்படித்தான். ஒரு பெரியவர் எழுந்தே போய்விட்டார். இன்னொருவர் தனபால் அண்ணனைத் தனியே கூப்பிட்டு, "யாருப்பா இது, சிஐடியா?" என்றது எனக்கே கேட்டது.

"சிஐடி இடுப்புல தூளித்துணி கட்டிகினு வருமா? சாமியோட தம்பி பேத்திப்பா."

நான் அப்போதுதான் குனிந்து பார்த்தேன். அபியின் துணியை இடுப்பில் சொருகியபடியே பஸ் ஏறியிருக்கிறேன். கடையே சிரித்தது. அப்புறம் ஆளாளுக்குச் சொன்னார்கள்.

எழுதிக்கொண்டது:

ஒரு மழைநாளில் சமாதிக்குப் பின்னால் இருந்த பனையில் இடி விழுந்தது. மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த சாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படி ஒரு நிஷ்டை.

தாம்பரம் ரோட்டில் நடு ரோட்டில் நடந்துபோனார். பின்னால் ஒரு துரையின் கார். ஹாரன் அடித்து அடித்துப் பார்த்தும் சாமி விலகவில்லை, கார்தான் நின்றது. துரை இறங்கி வந்து கும்பிட்டான்.

மதகுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் ரகசியம் பேசினால் இந்தப் பக்கமிருந்து பார்த்தே சிரித்துவிடுவார். ஞானதிருஷ்டி.

யார் என்ன வசை பேசினாலும் கோபம் வந்ததே இல்லை.

சமாதியில் மணி கிடையாது. வருகிறவர்கள் உட்கார்ந்து தரையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் கும்பிடுகிறார்கள். ஏன் என்றேன். "சாமி பூமியோட பேசறவரும்மா" என்றார் தனபால் அண்ணன். நானும் தட்டினேன். சிமெண்டு சில்லென்று இருந்தது.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியவில்லை. "சாமிக்கு ஏதும்மா பேரு?"

வீட்டுக்கு வந்து அபியை மடியில் போட்டுக்கொண்டு இதையெல்லாம் நல்ல தமிழில் மாற்றி எழுத உட்கார்ந்தேன். இடி விழுந்த வரியை எழுதும்போதே கை நின்றுவிட்டது. மேலே ஏழாம் தேதியைப் புரட்டிப் படித்தேன். அணுகுண்டு. அசையவே இல்லை.

ஒவ்வொரு அற்புதமாக மறுபடி படித்தேன். இடி, கார், மதகு, வசை. கோபம் எப்படி வரும், காதில் விழுந்தால்தானே.

மாமா, நம் சாமி விரதம் இருந்தவர் இல்லை என்று நினைக்கிறேன்.

12-11-91, செவ்வாய்

உங்கள் கடிதம். அங்கே சப்பாத்தி அலுத்துவிட்டது, லைன் சூப்பர்வைசர் நல்லவர், குளிருகிறது. கடைசியில் நாலு வரி (தீபாவளிக்கு மறுநாளே மு.அக்கா வீட்டுக்காரர் கம்பெனி போனில் உங்களிடம் சொல்லிவிட்டாராம்): "குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையாதே. நம் வம்சத்தில் பேச்சு லேட்டாகத்தான் வரும் என்று அம்மா சொல்கிறார். பொங்கலுக்கு நான் வரும்வரை எதுவும் செய்ய வேண்டாம்."

மூன்று தடவை படித்தேன். கோபம் வந்தது. அப்புறம், அந்தக் குளிரில் உட்கார்ந்து நீங்களும் பயந்துகொண்டுதான் இதை எழுதியிருப்பீர்கள் என்று தோன்றியது. "வேண்டாம்" என்ற சொல்லில் மை கொட்டியிருக்கிறது.

அபிக்குச் சளி குறைந்துவிட்டது. கிலுகிலுப்பை: இல்லை.

ரேஷன் சர்க்கரை வாங்க வேண்டும். டார்ச் பேட்டரி. நூல்.

14-11-91, வியாழன்

வல்லம் பக்கம் அத்தை ஊருக்குப் போனேன், அபியோடு. வரப்பெல்லாம் சேறு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தார். பேத்தியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நான் நேராகக் கேட்டுவிட்டேன். சுற்றி வளைத்துக் கேட்டிருக்க வேண்டும், எனக்கு அது வராது.

"அத்தை, சாமிக்குக் காது கேட்டுச்சா?"

கை நின்றது. "இன்னாடி கேள்வி இது? மௌன விரதம் இருந்தவரு வாயைத்தான் கட்னாரு, காதையா கட்னாரு?"

"டாக்டர் கேக்கறாங்க அத்தை. அபிக்காகத்தான். குடும்பத்துல யாருக்காவது இருந்தா உடனே டெஸ்ட் பண்ணணுமாம்."

"எங்க வம்சத்துல அந்த மாதிரி யாரும் கெடையாது. உங்கம்மா வழியில விசாரி. காஞ்சிபுரத்துல யாரு எப்படின்னு எனுக்கு இன்னா தெரியும்?"

"அத்தை..."

"உன்ன அவனுக்குக் கட்டி வெச்சதே நான்தான். தெரியுமில்ல? நாளைக்கு ஊரு இன்னா சொல்லும்? தம்பி பொண்ண எடுத்து பேத்திய செவிடாக்கிட்டான்னு சொல்லும். சொல்லட்டும், அதத்தான நீயும் சொல்ல வந்துகீற?"

நான் சொல்ல வந்தது அது இல்லை. அபி அத்தையின் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். சாப்பிடாமலே வந்துவிட்டேன். பஸ்ஸில் பசி, அதுவும் ஒரு அவமானம் மாதிரி இருந்தது.

21ஆம் தேதி வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? நீங்களும் வேண்டாம் என்கிறீர்கள், அத்தையும் இல்லை என்கிறார். எனக்கு மட்டும் என்ன தெரியும், செத்துப்போன ஒருவரைப் பற்றி டீக்கடையில் கேட்ட நாலு கதை.

16-11-91, சனி

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். விட்டுப்போகக்கூடாது.

மதியம். மழை. நான் அடுப்படியில். அபி கூடத்தில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டப்பா மூடியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அத்தை வந்தார், சொல்லாமல் கொள்ளாமல். தலையெல்லாம் நனைந்து, கையில் முருங்கைக்கீரைக் கட்டு. என்னைப் பார்க்கவில்லை. படிக்குள் உட்கார்ந்து, பேத்தியைக் கூப்பிட, தரையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

அபி திரும்பினாள்.

திரும்பி, சிரித்து, தன் கையையும் தரையில் வைத்தாள்.

அத்தை தன் கையையே பார்த்தார். எடுக்கவில்லை. "கை தானா போச்சுடி" என்றார். "முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. கை மறக்கல பாரு."

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். தலை துவட்டத் துண்டு கொடுத்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"அவரு பேரு வேலாயுதம். பொறந்ததுலேந்தே ஒண்ணும் கேக்காது. ஏர் ஓட்டுவாரு பாரு, கோடு போட்ட மாதிரி இருக்கும். பசங்க கல்லால அடிக்கும். பின்னாலேந்து அடிச்சா அவருக்கு எப்படி தெரியும்? நான்தான் தொரத்துவேன். எங்களுக்கு அவர கூப்பிடணும்னா தரைய தட்டணும், இல்ல காலால ஒதைக்கணும். அதான் சமாதில தட்றாங்களே, இன்னாத்துக்குன்னே தெரியாம. நாங்க அஞ்சாறு புள்ளைங்க தட்டுனதுதான் அது."

"விரதம்னு எப்படி ஆச்சு அத்தை?"

அத்தை சிரித்துவிட்டார். "என்னாலதான். என்ன பொண்ணு பாக்க வந்தாங்க, உங்க மாமா வூட்டுக்காரங்க. பெரியப்பா கூடத்துல உக்காந்துகினு இருக்காரு. எங்க மாமனாரு, 'அண்ணன் இன்னா ஒண்ணும் பேசமாட்டேன்றாரே'ன்னாரு. வூட்ல செவிடு ஊமை கீதுன்னா பொண்ணு எடுப்பாங்களா? எங்கப்பா சட்டுனு, 'அவரு மௌன விரதம்'னுட்டாரு. எங்க மாமனாரு எழுந்து நெடுஞ்சாண்கிடையா கால்ல வுழுந்துட்டாரு! பெரியப்பா பயந்து போயி என்னப் பாக்கறாரு, இன்னாத்துக்கு இந்தாளு வுழுந்துட்டான்னு."

இரண்டு பேரும் சிரித்தோம். அபியும் எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பறம் அத மாத்த முடியல. சம்பந்தி வூடு ஊரெல்லாம் சொல்லிடுச்சு. தேங்கா பழத்தோட ஆளு வர ஆரம்பிச்சுது. கல்லு வுழறது நின்னு போச்சு, அது ஒண்ணு. ஆனா சாமி ஏர் ஓட்ட முடியுமா? குந்திகினே இருக்கணும். என்னைப் பாத்து பின்பக்கத்த தட்டி தட்டி காட்டுவாரு, குந்தி குந்தி வலிக்குதுன்னு."

அப்புறம் கீரையை ஆயத் தொடங்கினார். நான் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"அவருக்கு குரல் இருந்துச்சுடி. வார்த்தை வராது, குரல் இருந்துச்சு. எம்பேரு பவுனு. என்ன மட்டும் 'பவ்'வுனு கூப்பிடுவாரு. கன்னுக்குட்டி கத்தற மாதிரி, தெருக்கோடி வரைக்கும் கேக்கும். விரதம்னு ஆன பெறகு எங்கப்பா அவரு வாயில வெரல வெச்சு காட்டினாரு, இனிமே சத்தம் வரக்கூடாதுன்னு. தம்பி சொன்னா அவரு கேட்டுப்பாரு. நான் புருசன் வூட்டுக்கு வண்டியேறுன அன்னைக்கு வாசல்ல வந்து நின்னாரு. வாயத் தொறந்தாரு. எங்கப்பா மூஞ்சியப் பாத்தாரு. மூடிக்கினாரு. வண்டி திரும்பற வரைக்கும் தெரு மண்ண காலால ஒதைச்சிகினே நின்னாரு. வண்டியில குந்திகினு இருக்கறவளுக்கு தரை அதிர்றது இன்னாடி தெரியும்?"

கீரை ஆய்ந்து முடித்துவிட்டுத்தான் கண்ணைத் துடைத்தார். "டாக்டராண்ட சொல்லு. பெரிய தாத்தா வேலாயுதம்னு சொல்லு. நானும் வரேன்."

18-11-91, திங்கள்

அத்தை இங்கேயே இருக்கிறார். எனக்கு இரண்டு நாளாக நல்ல தூக்கம். ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு 21 உறுதி என்று சொல்லியாயிற்று. உங்களுக்கு இன்னும் எழுதவில்லை. எழுதினால் "வேண்டாம்" என்று பதில் வரும், வருவதற்குள் 21 போய்விடும். அதனால் எழுதவில்லை. இது சரியா என்று தெரியவில்லை.

தனபால் அண்ணன் புத்தகத்துக்கு வந்தார். டீயைக் கொடுத்துவிட்டு, கும்பிடுகிற சாமியைப் பற்றி ஒருவரிடம் இப்படிச் சொல்லலாமா என்று தயங்கிக்கொண்டே சொன்னேன்: "அண்ணா, சாமிக்குப் பிறவியிலேயே காது கேக்காதாம்."

"அது தெரியுமேம்மா" என்றார். டீ சூடாக இருக்கிறது என்று ஊதிக்கொண்டிருந்தார்.

"தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். அதனாலதான சாமி. எங்கப்பா சொல்வாரு, மனசுல கீறத எல்லாம் அவராண்ட போயி கொட்டிட்டு வருவாங்களாம். பொண்டாட்டிகிட்ட சொல்ல முடியாதது, பங்காளிகிட்ட சொல்ல முடியாதது. காது கேக்கறவன்கிட்ட சொன்னா நாளைக்கு டீக்கடைல நிக்கும். இவரு மூஞ்சியவே பாத்துகினு இருப்பாராம். நீ அழுதா அழுவாராம். அப்பறம் சாமின்னு சொல்லாம இன்னான்றது?"

"அப்புறம் எனக்கு ஏன் இடி, கார் எல்லாம் சொன்னீங்க?"

"நீ வரலாறு கேட்டே. வரலாறு சொன்னோம்."

எங்கள் வீட்டில் கல்யாணம் கல்யாணமாகக் கட்டிக் காத்த ரகசியம் ஊரில் டீக்குத் தொட்டுக்கொள்கிற விஷயமாக இருந்திருக்கிறது. அவர்கள் நமக்காக அதை மறைத்திருக்கிறார்கள், நம் மனம் கோணுமே என்று.

"புக்குல போடறதா?"

"அது வூட்டுக்காரங்க இஷ்டம். பவுனம்மாக்கா ஒத்துக்கணும்."

உள்ளேயிருந்து அத்தை குரல்: "போடச் சொல்லு. செவிடுன்னு போடாத, காது கேக்காதுன்னு போடு. பேரும் போடு. ஏர் ஓட்டுவாருன்றதையும் போடு."

"எக்கா, சாமி ஏர் ஓட்னாருன்னா..."

"ஓட்னாருடா. உங்க தாத்தன் நெலத்தையும் சேத்துத்தான் ஓட்னாரு. கூலி குடுக்கல, அதையும் போடவா?"

தனபால் அண்ணன் மீதி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

21-11-91, வியாழன்

டெஸ்ட் முடிந்தது.

டா.விடம் முதலில் சொன்னேன்: என் தாத்தாவின் அண்ணன், பெயர் வேலாயுதம், பிறவியிலேயே. என் கணவருக்கும் அவர் அதே உறவுதான், அம்மா வழியில். டா. தலையாட்டி எழுதிக்கொண்டார். ஒரு கட்டம் வரைந்தார், ஒரு வட்டம், கோடுகள். நம் எல்லோரும் அதில் இருந்தோம், தாத்தா, சாமி, அத்தை, அப்பா, நீங்கள், நான். இரண்டு கோடுகள் கீழே இறங்கி அபியில் சேர்ந்தன. சாமியின் கட்டத்தை மட்டும் பேனாவால் நிரப்பினார். அபியின் வட்டத்தை அப்போது நிரப்பவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருந்து கொடுத்துத் தூங்க வைத்தார்கள். தலையில் ஒயர். அத்தை கதவருகே நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டு.

இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு. சளியால் வந்தது இல்லை. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, மெஷின் வைத்தால் எவ்வளவு பயன் என்று வைத்துப் பார்த்தால்தான் தெரியும். எட்டு மாதத்திலேயே வந்தது நல்லது என்றார். யார் பேரிலும் தப்பு இல்லை என்றார், நான் கேட்கவே இல்லை. வட்டத்தை நிரப்பினார்.

நான் இடிந்து போவேன் என்று நினைத்திருந்தேன். அபியின் தலையில் ஒட்டியிருந்த பசையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன், அது போகவே இல்லை, அது ஒன்றுதான் அப்போது கவலை.

அத்தைதான் கேட்டார். "டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். இது சத்தம் போடுது. தனக்குத்தானே கத்திகினு கெடக்கு. போட வுடலாமா?"

டாக்டருக்குப் புரியவில்லை. "ஏன் விடக்கூடாது? எவ்வளவு சத்தம் போடறாளோ அவ்வளவு நல்லது. நிறுத்தவே நிறுத்தாதீங்க."

அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் பயந்து எழுந்துவிட்டார்.

பஸ்ஸில் அபி மருந்து மயக்கம் தெளிந்து, ஜன்னலைத் தட்டிக்கொண்டு வீல் வீலென்று ஒரே கச்சேரி. முன் சீட்டு பேண்ட் சட்டைக்காரர் திரும்பி, "கொஞ்சம் கொழந்தைய அடக்குங்கம்மா, நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வரேன்" என்றார், பாவம். வழக்கமாக நான் வாயைப் பொத்தியிருப்பேன்.

அத்தை எழுந்தே நின்றுவிட்டார். "கத்துவா! டாக்டரே கத்தச் சொல்லி எழுதிக் குடுத்துகீறாங்க. உனக்கு தூக்கம் வேணும்னா பின்னால போய் குந்து. நீ கத்துடி கண்ணு, இன்னும் கத்து!"

அந்த ஆள் நிஜமாகவே பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். பூந்தமல்லி தாண்டும்வரை அத்தை அவளை மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு, வெளியே பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அபி நிறுத்தவில்லை.

22-11-91, வெள்ளி

வெயில். துணியெல்லாம் காய்ந்துவிட்டது.

மாமா, இந்தப் பக்கங்களை டைரியிலிருந்து கிழித்துக் கவரில் போட்டு உங்களுக்கே அனுப்பப் போகிறேன். இன்லண்டில் இடம் போதாது. முதலிலிருந்து படியுங்கள், உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நீங்கள் வேண்டாம் என்ற பிறகும் போனேன். கோபமிருந்தால் அதைத் தனிக் கடிதமாக எழுதுங்கள், இதற்கு வரும் பதிலில் கலக்க வேண்டாம். இதற்கு வேறு ஒரு பதில் வேண்டும்.

அத்தை இன்று காலையிலிருந்து அபிக்குக் கைஜாடை காட்ட ஆரம்பித்துவிட்டார், எல்லாம் சாமியிடம் கற்றது. பால், சோறு, வா, போதும். ஆட்களுக்கும் ஜாடை உண்டாம். சாமிக்கு ஒவ்வொருவரும் ஒரு ஜாடை: அத்தை என்றால் மூக்குத்தியைத் தொடுவது, தாத்தா என்றால் குடை பிடிப்பது. எனக்குக் கண்ணாடி என்று முடிவாகிவிட்டது, விரலை வட்டமாக்கிக் கண்ணில் வைப்பது. அபி அதைப் பார்த்து என் மூக்கில் குத்துகிறாள். மு.அக்கா தனக்கும் ஒன்று வேண்டும் என்று வந்து நின்றார். "எனக்கு என்னத்த வைக்கப் போறிய?" யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

உங்களுக்கு மீசையை முறுக்குவது என்கிறார் அத்தை. நீங்கள் போகும்போது, அங்கே எல்லோரும் மழுங்கச் சிரைத்துக்கொள்கிறார்கள் நானும் எடுத்துவிடப் போகிறேன் என்றீர்களே, எடுத்துவிட்டீர்களா? எடுத்துவிட்டால் நான் சொல்லும் கம்பெனித் தொப்பியை வைத்துக்கொள்ளலாம். ஒன்றைக் காட்டிவிட்டு அப்புறம் மாற்றக்கூடாதாம். தாத்தாவின் குடை தொலைந்து பல வருடம் ஆகியும் சாமி கடைசிவரை குடையைத்தான் பிடித்துக் காட்டினாராம்.

அதுவரை அவளிடம் உங்களைச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. போட்டோவைக் காட்டிவிட்டுச் சும்மா நிற்கிறோம். மீசையா தொப்பியா, சீக்கிரம் பதில் போடுங்கள்.